ஒரு கட்டை தள்ளிய சுருதி

"இறங்குது, அவுக்யா. மறுபடியும் இறங்குது."

தேவாலயத்தின் பக்கக் கதவைத் திறந்ததும் என் காதில் விழுந்த முதல் பேச்சு அதுதான். சொன்னவன் லாம்பர்ட், எங்கள் குழுவின் நடத்துநர். வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே கால். மறுநாள் மாலை க்ரோனிங்கன் நகரின் அந்தச் செங்கல் தேவாலயத்தில் எண்ணூறு பேர் மடியில் இசைத்தாளை விரித்துக்கொண்டு உட்காரப் போகிறார்கள். தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் மாட்டுப் பண்ணைக்காரரிலிருந்து பல் மருத்துவர் வரை எல்லோரும் இயேசுவின் பாடுகளை மூன்று மணி நேரம் பாடக் கேட்டாக வேண்டும். யார் எந்த இடத்தில் சறுக்கினார்கள் என்று வீடு திரும்பும்போது சைக்கிளில் போய்க்கொண்டே பேசியுமாக வேண்டும்.

எங்கள் குழுவில் எல்லாமே முந்நூறு வருடத்துக்கு முந்தைய முறை. வயலினுக்கு ஆட்டுக்குடல் தந்தி. எக்காளத்துக்கு வால்வு கிடையாது, உதடுதான் எல்லாம். நான் கொண்டுவருவது பெட்டி ஆர்கன். சமையலறை அலமாரி அளவுக்கு ஒரு மரப்பெட்டி, உள்ளே நூறு மரக்குழல்கள், மேலே ஒரு வரிசைக் கட்டைகள். என் கையால் செய்தது. அதை வாடகைக்கு எடுப்பவர்கள் சுருதி சேர்க்க என்னையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பாடுபவர்கள் பதினாறு பேர். தனிப்பாடகர் என்று வெளியிலிருந்து யாரையும் கூப்பிடுவதில்லை. தனிப்பாட்டு யாருக்கோ அவர் வரிசையிலிருந்து இரண்டு அடி முன்னால் வந்து பாடிவிட்டு இரண்டு அடி பின்னால் போய்விடுவார். பழைய காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். அவுக்யா ஏழு வருடமாகப் பின்வரிசையில் நின்று பாடியவள். வாரத்தில் மூன்று நாள் பால் பரிசோதனைக் கூடத்தில் வேலை, மீதி நாளெல்லாம் பாட்டு. இந்த வருடம்தான் அவளுக்கு முதல்முறையாக அந்த இரண்டு அடி கிடைத்தது. ஒரே ஒரு பாட்டு. துணைக்கு ஒரு செல்லோ, ஓர் ஆர்கன், அவ்வளவுதான். ஆர்கனை வாசிப்பதும் லாம்பர்ட்தான். கைகள் கட்டைகளில் இருக்கும், தலையாலேயே நடத்துவான். ஹேக் நகர இசைப்பள்ளியில் நானும் அவனும் ஒரே வகுப்பு. அந்தத் தலையாட்டலுக்கு அப்போதே ரசிகர்கள் இருந்தார்கள்.

"இன்னொரு தடவை," என்றான்.

அவள் பாடினாள். பாட்டின் நடுவே செல்லோ 'ஜி' சுரத்தில் நிற்க, ஆர்கன் அதன் மேல் 'பி'யையும் பிடிக்க, அவளும் அதே 'பி'யை நான்கு பார், அதாவது நான்கு தாளச் சுற்று, நிறுத்த வேண்டும். நிறுத்தினாள். எனக்கும் அது தொய்ந்துதான் கேட்டது. ஆர்கன் ஓரிடத்திலும் அவள் கொஞ்சம் கீழேயும் நின்றார்கள். கதவோரம் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்த நான் என்னை அறியாமல் 'ஆமாம்' என்று தலையாட்டினேன்.

லாம்பர்ட் கையை எடுத்தான். "ஏழு வருஷம் கழிச்சு ஒரு பாட்டு கொடுத்தா இப்படியா? ஒரு ஆர்கனோட கூட நிக்க முடியலைன்னா நாளைக்கு எண்ணூறு பேர் முன்னாடி எப்படி நிப்பே?"

"எனக்கு இங்கதான் சரியா கேட்குது, லாம்பர்ட். நீங்க சொல்ற இடத்துக்கு ஏத்துனா தொண்டை ஒப்ப மாட்டேங்குது."

"தொண்டை இல்லை. உனக்குக் காது இல்லை, அதைச் சொல்லு."

பதினைந்து பேர் பின்னால் நின்றார்கள். எல்லாருக்கும் காது உண்டு, அதை வைத்துத்தான் சோறு தின்கிறார்கள். எல்லோர் கண்ணும் இசைத்தாளில் இருந்தது. பக்கத்தில் நின்றவள் மட்டும் அவுக்யாவின் காதருகே குனிந்து, "கொஞ்சம் மேல நினைச்சுப் பாடேன்," என்றாள். உபதேசம் செய்ய மட்டும் ஆள் உண்டு.

"சரி, விடு," என்றான் லாம்பர்ட். "காப்பி இடைவேளையிலேயே ஆம்ஸ்டர்டாமுக்குப் போன் பண்ணிட்டேன். ஹெர்மினா வர்றா. பன்னெண்டே கால் ரயில். நாளைக்கு அவளே பாடட்டும். நீ கோரஸ்ல நில்லு. சூப்புக்கு நேரமாச்சு."

அவுக்யா இரண்டு அடி பின்னால் போனாள். அழவில்லை. இசைத்தாளை மூடி, விளிம்பைச் சரிபார்த்துப் பையில் வைத்தாள்.

ஆர்கன்தான் பிசகியிருக்குமோ என்று யோசித்தபோது எனக்கு முதலில் குளிரின் மேல்தான் சந்தேகம் வந்தது. குழல் வாத்தியத்துக்குக் காற்றுதான் தந்தி. காற்று சூடானால் சுருதி ஏறும். செங்கல் தேவாலயத்தில் காலையில் பதினான்கு டிகிரி, எண்ணூறு பேர் உட்கார்ந்தால் இருபது. அதனால் கச்சேரி நேரத்துச் சூட்டில்தான் ஆர்கனைச் சேர்க்க வேண்டும். ஆனால் சூடு ஏறினாலும் இறங்கினாலும் நூறு குழலும் சேர்ந்துதான் ஏறும், சேர்ந்துதான் இறங்கும். ஒரு 'பி' மட்டும் தனியாக ஏறாது. அப்படியானால் இது குளிரின் வேலை இல்லை.

நான் யோசித்துக்கொண்டிருந்தபோது செல்லோக்காரன் ஒன்னோ வில்லின் மயிரைத் தளர்த்தியபடி வந்தான். "சிட்ஸ்கெ, ஒரு சந்தோஷ சமாச்சாரம். நீ கடைசியில திருந்திட்டே."

"என்னடா?"

"இருபது வருஷமா உன் ஆர்கன்ல சுரம் வாங்குறேன். நாலு தந்திக்கும் நாலு சுரம். என்னிக்காவது ஒருநாள் தந்திங்க ஒண்ணுக்கொண்ணு சுத்தமா நின்னிருக்கா? எப்பவும் ஒரு மயிரிழை நெருக்கித்தானே கொடுப்பே. இன்னிக்குக் காலையில வாங்கினேன். நாலும் கண்ணாடி மாதிரி நிக்குது, ஒரு அலை இல்லை. கல்யாணம் பண்ணிக்கலாம் போல இருந்துச்சு."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். 'ஜி' நான்கு முறை துடிக்கிற நேரத்தில் மேலே உள்ள 'பி' சரியாக ஐந்து முறை துடித்தால் இரண்டும் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். கொஞ்சம் பிசகினாலும் ஊவ், ஊவ் என்று அலையடிக்கும். மனிதக் குரல் அந்தப் பூட்டைத் தானே தேடிப் போகும், யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். கட்டை வாத்தியத்தால் அது முடியாது. பன்னிரண்டே கட்டைகளை வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் சுத்தமாக இருக்கக் கணக்கு இடம் கொடுப்பதில்லை. ஓரிடத்தில் சுத்தம் செய்தால் அந்த அழுக்கு இன்னோர் இடத்தில் போய் ஒதுங்கும். இன்றைய பியானோவில் அந்த அழுக்கை வீடு முழுக்கச் சமமாகத் தூவிவிட்டார்கள். எல்லா அறையிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், பழகிப்போனதால் யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்து ஆட்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். சி, எஃப், ஜி என்று தினமும் புழங்குகிற கூடத்தை முடிந்தவரை பெருக்கி, அழுக்கை யாரும் போகாத மூலைக்குத் தள்ளினார்கள். சி ஷார்ப் மேஜர் மாதிரியான மூலை. அங்கே வாசித்தால் நாய் குரைக்கிற மாதிரி இருக்கும். இருக்கட்டும், அங்கே யார் போகிறார்கள்?

கூடம் சுத்தமாவதற்கு ஒரு விலை உண்டு. சி, ஜி, டி, ஏ, இவற்றுக்கு இடையே உள்ள ஐந்தாம் சுர இடைவெளிகளைக் கொஞ்சம் நெருக்க வேண்டும். அவைதான் ஒன்னோவின் நான்கு தந்திகள். நெருக்காத இடைவெளிகள் எல்லாம் அந்த அழுக்கு மூலையில்தான் இருக்கும். ஆக, ஒன்னோவின் தந்திகள் இன்று கண்ணாடி போல நிற்கின்றன என்றால், மூலை கூடத்துக்கு வந்துவிட்டது என்று பொருள்.

பெட்டி ஆர்கனில் கட்டை வரிசை சறுக்குப் பலகையில் இருக்கிறது. இந்தக் காலத்து வாத்தியத்தோடு வாசிக்க வேண்டுமானால் ஒரு கட்டை வலப்பக்கம் தள்ளலாம், சுருதி அரைச் சுரம் ஏறிவிடும். பழைய சுருதிக்குத் திரும்ப இடப்பக்கம் தள்ளலாம். எந்த இடத்தில் வாசிக்கிறோமோ அந்த இடத்தில் வைத்துத்தான் சுருதி சேர்க்க வேண்டும். இடம் மாற்றினால் குழல்கள் அப்படியே இருக்கும், அவற்றின் பெயர்கள்தான் நகரும். நேற்று 'எஃப் ஷார்ப்' என்று பெயர் வாங்கிய குழல் இன்று 'ஜி' என்று பேசும்.

சூப் வரிசையில் நின்றிருந்த லாம்பர்ட்டிடம் போனேன். கையில் பட்டாணி சூப், விரலிடுக்கில் கம்பு ரொட்டி.

"ஆர்கனை யார் தொட்டது?"

"நான்தான். புதன்கிழமை ரேடியோக்காரங்க வந்தாங்கல்ல. ஒரு புல்லாங்குழல்காரரோட ரெண்டு பாட்டு. அவரு இந்தக் காலத்துக் குழல், அதனால மேல தள்ளினேன். சுருதி கொஞ்சம் கலைஞ்சிருந்துச்சு, நானே சேத்தேன். உன்னை எதுக்கு வீணா கூப்பிடணும்னு."

"மேல தள்ளி வச்சுக்கிட்டே சேத்தியா?"

"பின்னே? போன்ல அந்த ஆப் இருக்கு. நம்ம பழைய முறைதான், பட்டியல்ல பாத்து எடுத்தேன். நிகழ்ச்சியும் அதைப் பத்தித்தான். பழைய சுருதியோட தூய்மை. ஞாயித்துக்கிழமை போடுறாங்க, கேளு."

"அப்புறம்?"

"அப்புறம் கீழ தள்ளிட்டேன். என்ன விசாரணை இது? சூப் ஆறுது."

எனக்கு ஆத்திரம் வந்தது. அவன் தப்பு செய்ததற்காக இல்லை. தப்பு யாரும் செய்வார்கள். மூன்று நாளாக இந்த ஆர்கனில் கை வைத்து வாசித்துக்கொண்டிருக்கிறான். பழைய சுருதியின் தூய்மை பற்றி நாடு முழுக்கப் பேசுகிறான். அவனுடைய காதுக்கு அது கேட்கவில்லை. அங்கே இருந்தவர்களில் சரியான இடத்தில் நின்றவள் அவுக்யா ஒருத்திதான், அவளைப் பார்த்துத்தான் 'உனக்குக் காது இல்லை' என்றான்.

"லாம்பர்ட், வந்து சி ஷார்ப் மேஜர் வாசி."

"என்னது?"

"சி ஷார்ப் மேஜர். மூணு சுரம். இப்பவே."

"அதை யாரு வாசிப்பா? உனக்கென்ன ஆச்சு?"

ஒன்னோ தன் சூப்பைக் கீழே வைத்தான். "வாசிங்க மேஸ்ட்ரோ. எங்களுக்கும் ஒரு பொழுதுபோக்கு."

அதற்குள் பாதிக் குழு ரொட்டியோடு ஆர்கனைச் சுற்றி வந்துவிட்டது. லாம்பர்ட் தோளைக் குலுக்கிக்கொண்டு உட்கார்ந்து வாசித்தான். நாய் குரைக்க வேண்டிய இடம் தேனாக வழிந்தது. அசைவே இல்லை. வயலின்காரர்கள் இரண்டு பேர் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"இப்ப ஜி மேஜர்," என்றேன்.

வாசித்தான். குரைத்தது. ஊவ், ஊவ், ஊவ். பக்கத்தில் தேனை வைத்துவிட்டு அதைக் கேட்டதால் இப்போது யாருக்கும் தப்பவில்லை. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். 'கொஞ்சம் மேல நினைச்சுப் பாடேன்' என்றவள் தரையைப் பார்த்தாள்.

"ஒரு கட்டை தள்ளி இருக்கு," என்றேன். "உன் 'பி' ஏறிக் கிடக்கு, லாம்பர்ட். அரைச் சுரத்துல அஞ்சுல ஒரு பங்கு. அவ இறங்கலை. இறங்கியிருந்தா செல்லோவோடவும் சேர்ந்திருக்க மாட்டா."

லாம்பர்ட் கட்டைகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவுக்யாவை மட்டும் பார்க்கவில்லை. "சரி. சின்ன விஷயம். எத்தனை நேரமாகும்?"

"ஒண்ணே கால் மணி நேரம்."

"ஒண்ணரைக்கு ஆரம்பிக்கிறோம்."

சின்ன விஷயமாம்.

ஆர்கன் சேர்ப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும், மற்றவர் உள்ளே கையை விட்டுக் குழலின் வாயில் தோல் சுற்றிய தக்கையை உள்ளே தட்டுவார் அல்லது வெளியே இழுப்பார். உள்ளே தட்டினால் காற்றுக்கு இடம் குறைந்து சுருதி ஏறும், இழுத்தால் இறங்கும். முடியளவு நகர்ந்தால் போதும். கட்டையைப் பிடிக்க அவுக்யா தானாக வந்து உட்கார்ந்தாள்.

"ஏ," என்றேன். பிடித்தாள்.

பத்துப் பதினைந்து குழல்கள் போன பிறகு சொன்னேன். "நான் உள்ள வரும்போது நானும் தலையாட்டினேன். நீ இறங்குறேன்னு நினைச்சேன்."

"பாத்தேன்."

"மன்னிச்சுக்கோ."

"நீ தலையாட்டினப்பதான் எனக்கே சந்தேகம் வந்துச்சு, சிட்ஸ்கெ. லாம்பர்ட் சொன்னப்ப கோவம்தான் வந்துச்சு." அடுத்த கட்டைக்கு விரலை மாற்றினாள். "இப்ப என்ன, டி-யா?"

"டி," என்றேன். தக்கையைத் தட்டினேன்.

ஒன்றரைக்கு எல்லோரும் இடத்துக்கு வந்தார்கள். லாம்பர்ட் ஜி மேஜரை ஒருமுறை அழுத்திப் பார்த்துத் தலையாட்டினான். நிமிர்ந்து குழுவைப் பார்த்து, "நண்பர்களே, சுருதியில கொஞ்சம் குளறுபடி இருந்துச்சு, சரியாயிடுச்சு. ஹெர்மினா ரெண்டரை மணிக்கு வந்துடுவா. அதுவரைக்கும் கோரஸ் பாக்கலாம்," என்றான்.

குளறுபடி இருந்ததாம். மழை பெய்ததைச் சொல்கிற மாதிரி.

நான் ஆர்கன் பக்கத்திலேயே நின்றேன். "ஹெர்மினா எதுக்கு?"

"ரயில்ல வந்துட்டிருக்கா. இப்ப திரும்பிப் போன்னு எப்படிச் சொல்றது? மரியாதைன்னு ஒண்ணு இல்லையா?"

"அவளுக்கு மரியாதை. இவளுக்கு?"

"சிட்ஸ்கெ, நீ ஆர்கனைப் பாத்துக்கோ."

"ஆர்கனைத்தான் பாத்துக்குறேன். அது என்னோடது. சக்கரம் வச்சிருக்கு, வேன் வெளியில நிக்குது."

"மிரட்டுறியா?"

ஒன்னோ வில்லை ஸ்டாண்டில் தொங்கவிட்டான். "எனக்கும் முதுகு வலிக்குது, மேஸ்ட்ரோ. ஹெர்மினா வந்தா இன்னும் ஜாஸ்தியாகும்னு தோணுது."

லாம்பர்ட் பெருமூச்சு விட்டான், நாங்களெல்லாம் அவனுக்கு அநியாயம் செய்கிறோம் என்பது போல. கைபேசியை எடுத்து அங்கேயே அழைத்தான். "ஹெர்மினா? எங்க இருக்கே? ஸ்வொலெ ஸ்டேஷனா? நல்லதாப் போச்சு, அங்கயே இறங்கிக்கோ... இல்லை, இல்லை, தேவைப்படலை... ஏன்னா..." அந்தப் பக்கம் அவள் ஏதோ கேட்டாள், திரும்பவும் கேட்டாள். அவன் குரலைத் தாழ்த்தினான். ஆனால் அந்தத் தேவாலயத்தில் ஊசி விழுந்தாலும் ஏழு நொடி ஒலிக்கும். "ஆர்கன்ல நான் தப்பா சேத்துட்டேன். ஆமா, நான்தான். அவ சரியாத்தான் பாடினா. சரி. வழிச்செலவுக் கணக்கை அனுப்பிடு."

போனை வைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்து, "முடிஞ்சுதா எல்லாருக்கும்? அவுக்யா, முன்னால வா," என்றான்.

அவள் இரண்டு அடி முன்னால் வந்தாள். லாம்பர்ட்டும் ஒன்னோவும் முன்னிசையைத் தொடங்கினார்கள். எட்டு பார். அவள் வர வேண்டிய இடம் வந்தது. அவள் பாடவில்லை.

"தவறவிட்டுட்டே," என்றான் லாம்பர்ட். திரும்பவும் எட்டு பார். திரும்பவும் அவள் வாயைத் திறக்கவில்லை. இசைத்தாள் கையில் விரிந்திருந்தது, கண்கள் அவன் மேல் இருந்தன.

"என்ன வேணும் உனக்கு?"

"ஹெர்மினாகிட்ட சொன்னதை என்கிட்டயும் சொல்லுங்க."

"நீதான் இங்கயே நின்னு கேட்டியே!"

"கேட்டேன். அவகிட்ட சொன்னதைக் கேட்டேன். காலையில எனக்குக் காது இல்லைன்னு இத்தனை பேர் முன்னாடி என்னைப் பாத்துச் சொன்னீங்க. இதையும் என்னைப் பாத்துச் சொல்லுங்க. அப்புறம் பாடுறேன்."

"நாளைக்குக் கச்சேரி, அவுக்யா. ஒத்திகைக்கு ரெண்டு மணி நேரம்தான் இருக்கு."

"எனக்கு அவசரம் இல்லை. ஏழு வருஷம் நின்னிருக்கேன்."

அவன் மூன்றாவது முறை தொடங்கப் பார்த்தான். ஒன்னோ வில்லைத் தூக்கவில்லை. ஆர்கன் மட்டும் இரண்டு சுரம் தனியாகப் பேசிவிட்டு நின்றது. பின்வரிசையில் பதினைந்து பேர் அசையாமல் நின்றார்கள். காலையிலும் இப்படித்தான் நின்றார்கள், ஆனால் இப்போது அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது லாம்பர்ட்டை.

அவன் கையைக் கட்டைகளிலிருந்து எடுத்து மடியில் வைத்தான். பிறகு நிமிர்ந்தான். தப்பு தெரிந்த பிறகு அவன் அவளை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நீ இறங்கலை. தப்பு என்னோடது. நான் சேத்த சுருதி தப்பு, அதைக் கேட்காததும் தப்பு. உன்னைச் சொன்னது..." கொஞ்சம் திணறினான். "அது எல்லாத்தையும் விடப் பெரிய தப்பு."

"சரி," என்றாள் அவுக்யா. "ஆரம்பிக்கலாம்."

எட்டு பார் போயிற்று. அவள் வந்தாள். அந்த நீண்ட 'பி' வந்தபோது, காலையில் எந்த இடத்தில் நின்றாளோ அதே இடத்தில், அதே உயரத்தில் நின்றாள். இந்த முறை ஆர்கன் கீழே இறங்கி வந்து அவளோடு உட்கார்ந்தது. நான்கு பார், ஓர் அலை இல்லை. எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. மனிதர்கள் அரை நாள் சண்டை போட்டுத்தானா இந்த நான்கு பார் கிடைக்க வேண்டும்?

அவள் கடைசி வார்த்தையை முடித்ததுமே லாம்பர்ட் நிறுத்தினான். எல்லோரும் விறைத்தோம்.

"அவுக்யா, கடைசி வார்த்தை. அதோட முடிவுல வர்ற 'ட்' ரொம்ப சீக்கிரம் விழுது. செல்லோ முடிக்கட்டும், அப்புறம் போடு."

அவள் இசைத்தாளைப் பார்த்தாள். ஒன்னோவைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான்.

"ஆமா, அது சீக்கிரம்தான்," என்றாள். பென்சிலை எடுத்து அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொண்டாள். "எந்த பார்லருந்து?"